வட்டிலுக்கு அடியில் இரண்டு மாத்திரைகள்

எனக்கென்று வீட்டில் ஒரு வெண்கல வட்டில் இருந்தது. கல்யாணச் சீரில் என் மனைவி வீட்டிலிருந்து வந்தது. அடியில் ஒரு விரல் உயரத்துக்கு வளையம் வைத்துச் செய்திருந்தார்கள். மண் தரையில் வைத்தாலும் ஆடாது. நான் சாப்பிட்டு எழுந்ததும் அதே வட்டிலில் சோற்றைப் போட்டுக்கொண்டு அவள் உட்காருவாள். எங்கள் பக்கத்தில் அப்போதெல்லாம் அப்படித்தான் வழக்கம். அது சரியா தவறா என்று நாங்கள் இரண்டு பேருமே யோசித்ததில்லை. ஆனால் ஒரு வருஷம், ஏழு நாள் மட்டும், அந்த வழக்கம் எங்களுக்கு வேறு விதமாகப் பயன்பட்டது. அதைத்தான் எழுதப் போகிறேன்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். உத்தரகோசமங்கைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். கரிசலும் உவரும் கலந்த நிலம். மழைக்கு நெல், நெல்லுக்குப் பிறகு மிளகாய். ராமநாதபுரத்தில் ஏறினால் தனுஷ்கோடி வரைக்கும் ரயில் போய்க்கொண்டிருந்த காலம் அது. எனக்கு இருபத்தாறு வயது இருக்கும். கல்யாணமாகி மூன்று வருஷம் முடிந்திருந்தது. பிள்ளை இல்லை.

சின்ன வயதிலிருந்தே எனக்குக் கூச்சம் அதிகம். கடையில் நாலு பேர் நின்றால் அவர்கள் போகட்டும் என்று ஓரமாக நிற்பேன். கல்யாணத்தன்று மணவறையில் உட்கார்ந்து என் கால் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்று இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள். அப்பா நான் சிறுவனாக இருந்தபோதே போய்விட்டார். வீட்டில் நான், என் ஆத்தா, என் மனைவி, மூன்று பேர்தான். ஆத்தா என்னைப் போல இல்லை. நாலு வீடு தள்ளிக் கேட்கும் குரல் அவளுக்கு.

அந்த வருஷம் மாசி மாதம், மிளகாய்ப் பழம் எடுக்கத் தொடங்கிய சமயத்தில், என் மனைவிக்கு நீர்க்கடுப்பு வந்தது. முதலில் எனக்குத் தெரியாது. வீட்டுக்குப் பின்னால் உடைமரக் காடு. அங்கே போனால் வெகுநேரம் கழித்துத் திரும்புவாள். வரும்போது முகம் வெளுத்திருக்கும், கண் கலங்கியிருக்கும். மிளகாய் நெடி என்று நினைத்துக்கொண்டேன். ஆத்தாதான் கண்டுபிடித்தாள்.

“சூடுதேன். நாளெல்லாம் மிளகாச் செடிக்குள்ள குனிஞ்சு கெடந்தா வேற என்ன வரும்?” என்றாள்.

வெந்தயத்தை ஊறவைத்து வெறும் வயிற்றில் குடிக்கச் சொன்னாள். இரண்டு கால் கட்டைவிரல் நகத்திலும் விளக்கெண்ணெய் தடவிவிட்டாள். பனையிலிருந்து பதநீர் இறங்கத் தொடங்கியதும் தினமும் ஒரு செம்பு வாங்கி வைத்தாள். ஆத்தாவைக் குறை சொல்ல மாட்டேன். தனக்குத் தெரிந்ததையெல்லாம் மனசாரத்தான் செய்தாள்.

கடுப்பு குறைவதும் திரும்புவதுமாக இருந்தது. நீர்க்கடுப்பு மட்டும் இல்லை, வெள்ளைபடுதலும் இருந்திருக்கிறது. அரிப்பு, எரிச்சல், ஒரு மாதிரி வாடை. அதை அவள் ஆத்தாவிடமும் சொல்லவில்லை. என்னிடம் எப்படிச் சொல்வாள்? ஒரு நாள் தோட்டத்துக்குச் சோறு கொண்டு வந்தவள், நான் சாப்பிட்டு முடிக்கும் வரை வரப்பில் உட்கார்ந்திருந்துவிட்டு, மிளகாய்ச் செடியைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

“ஏங்க, ராமநாதபுரத்துல பொம்பள டாக்டரு ஒருத்தவுக இருக்காகளாம்ல.”

“ஆமா.”

“என்னைய ஒருக்காக் கூட்டிப் போறீகளா?”

ஏன் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. சரி என்றேன். அவளைப் பெற்ற அய்யாவைப் பார்க்க நயினார்கோவில் போய்வருகிறோம் என்று ஆத்தாவிடம் சொல்லிவிட்டு, மறுநாள் காலையில் பஸ் ஏறினோம்.

ஆஸ்பத்திரியில் பெண்கள் மட்டும் உள்ளே போகலாம். நான் வெளியே சைக்கிள்கள் நிறுத்தியிருந்த இடத்தில் நின்றேன். வெயில் ஏறிய பிறகு நர்சம்மா வாசலுக்கு வந்து, “உத்தரகோசமங்கைப் பக்கமிருந்து வந்த பொண்ணு. அது புருஷன் யாரு?” என்று சத்தமாகக் கேட்டார். நான் ஒரு சைக்கிளுக்குப் பின்னால் ஒதுங்கினேன். அவர் இரண்டாவது தடவை கேட்டார். பக்கத்தில் நின்ற ஒருவர் என் வேட்டியில் ஒட்டியிருந்த மிளகாய் விதையைப் பார்த்து, “நீதானப்பா? போ, உள்ள ஒண்ணும் கடிச்சுற மாட்டாக” என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

உள்ளே டாக்டரம்மா மட்டும் இருந்தார். என் மனைவியைப் பக்கத்து அறையில் நர்சம்மாவுடன் உட்கார வைத்திருந்தார்கள். டாக்டரம்மாவுக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். வெளியூர்க்காரர். பேச்சு வேகமாக இருந்தது. பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்ததாகச் சொன்னார். கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமி. பெண்ணுக்கு உள்ளேயும் இருக்கும், நீர்ப்பாதையிலும் போய் உட்காரும். வெந்தயத்துக்கும் பதநீருக்கும் அது சாகாது. இப்போது இதற்கென்றே ஒரு மாத்திரை வந்திருக்கிறது, வாயால் விழுங்கினால் போதும் என்றார்.

இரண்டு காகித உறைகளை என் முன்னால் வைத்தார். ஒன்றில் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டிருந்தது. இன்னொன்றில் நீலக் கோடு.

“சிவப்பு உங்க சம்சாரத்துக்கு. நீலம் உங்களுக்கு. ஒரு வேளைக்கு ஒண்ணு, காலை மத்தியானம் ராத்திரி மூணு வேளை, ஏழு நாள். சாப்பிட்ட உடனே போடணும், வெறும் வயித்துல கூடாது. ரெண்டு நாள்ல எரிச்சல் நின்னுடும். நின்னுட்டாலும் நிறுத்தக் கூடாது, ஏழு நாளும் முடிக்கணும். முடியற வரைக்கும் தனித்தனியா படுங்க. கள்ளு, சாராயம் பக்கம் போகாதீங்க, போனா குடலே வெளிய வர்ற மாதிரி வாந்தி எடுக்கும். பதநீரும் வேண்டாம், கொஞ்சம் புளிச்சிருந்தாலும் கள்ளுதான். நீர் டீத்தண்ணி மாதிரி போனா பயப்படாதீங்க.”

நான் நீலக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“எனக்கு ஒண்ணும் இல்லைங்களே” என்றேன்.

“ஆம்பிளைக்கு வெளிய காட்டாது. உள்ள இருக்கும்” என்றவர் அடுத்தவரைக் கூப்பிடச் சொல்லிவிட்டார்.

அந்த ஒரு சொல்தான் என்னை அடித்தது. உள்ளே இருக்கும். எங்கள் ஊரில் ஆண்களுக்கு அந்த மாதிரி இடத்தில் நோய் என்றால் ஒரே அர்த்தம்தான். பரமக்குடிக்கு நூல் மூட்டை ஏற்றப் போன வண்டிக்காரர் ஒருவருக்கு அப்படி வந்தது. அவர் சாகும் வரை ஊர் அவரை அந்த நோயின் பெயரை வைத்தே கூப்பிட்டது. நான் எங்கேயும் போனவன் இல்லை. என் மனைவியின் கையைத் தவிர வேறு பெண் கையைத் தொட்டதில்லை. ஆனால் அந்த நீல உறையிலிருந்து ஒரு மாத்திரையை விழுங்கினால், போனவன் என்று நானே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று தோன்றியது. யார் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்கலாம். அவள் பார்ப்பாளே.

பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். “டாக்டரம்மா என்ன சொன்னாக?” என்று கேட்டாள்.

“உனக்கு மாத்திரை குடுத்திருக்காக. ஒரு வேளைக்கு ரெண்டு. மூணு வேளை. ஏழு நாளு.”

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இப்போது நினைத்தால் எனக்கே விளங்கவில்லை. என் மாத்திரைகளைத் தூர எறிந்திருக்கலாம். எறிய மனசு வரவில்லை. நோய் அவளுக்குத்தானே, ஒன்று நல்லது செய்தால் இரண்டு இன்னும் நல்லது செய்யும் என்று ஒரு கணக்கு. மிளகாய்க்கு எரு போடுகிறவனின் கணக்கு அது. அப்பாவின் பழைய மூக்குப்பொடி டப்பி ஒன்று பரணில் கிடந்தது. இரண்டு உறைகளையும் அதில் கொட்டினேன். நாற்பத்திரண்டு மாத்திரைகள். சிவப்பு எது, நீலம் எது என்று அதற்குப் பிறகு யாருக்கும் தெரியாது. உறைகளை அடுப்பில் போட்டுவிட்டேன்.

ஆத்தாவுக்குத் தெரியாமல் அவள் எப்படி விழுங்குவது? அடுப்படியை விட்டு ஆத்தா நகர மாட்டாள். டாக்டரிடம் போனது தெரிந்தால், எதற்கு, என்ன நோய் என்று கேட்பாள். அவள் கேட்டால் தெருவே கேட்கும். அப்போதுதான் எனக்கு வட்டில் ஞாபகம் வந்தது. சாப்பிட்டு முடித்ததும் டப்பியிலிருந்து இரண்டு மாத்திரைகளை எடுத்து, வட்டிலைச் சற்றுத் தூக்கி, அடிவளையத்துக்குள் தரையில் வைத்துவிட்டு எழுந்து கை கழுவப் போவேன். அவள் வந்து உட்கார்ந்து சாப்பிடுவாள். முடிந்ததும் வட்டிலை எடுக்கிற சாக்கில் குனிவாள். மாத்திரைகள் வாய்க்குள் போய்விடும். செம்புத் தண்ணீரைக் குடிப்பாள். ஆத்தாவுக்கு முன்னாலேயே நடக்கும், ஆத்தாவுக்குத் தெரியாது. சோறு தின்ற உடனே போட வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னதற்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு கிடையாது.

மத்தியானம் தோட்டத்தில் அந்தச் சிரமமும் இல்லை. கருவாட்டுக் குழம்பும் சோறும் கொண்டுவருவாள். அங்கேயும் ஒரே பாத்திரம்தான். நான் டப்பியை நீட்டுவேன். மூக்குப்பொடி வாடை மாத்திரையில் ஏறியிருந்தது. வாயருகே கொண்டுபோனாலே தும்முவாள். ஒரு நாள் வீட்டில் வட்டிலைத் தூக்கிக்கொண்டே தொடர்ந்து நாலு தும்மல் போட்டாள்.

“மிளகாக் களத்துப் பக்கம் போகாதத்தா, நெடி ஏறிருச்சு பாரு” என்றாள் ஆத்தா.

நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருக்க எவ்வளவு கஷ்டப்பட்டோம் என்று சொல்ல முடியாது. கொல்லைக்குப் போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கல்யாணமாகி மூன்று வருஷத்தில் நாங்கள் சேர்ந்து ஒரு காரியம் செய்தது அதுதான் முதல் தடவை. அந்த ஏழு நாளும் எனக்குத் திருவிழா மாதிரி இருந்தது. நான் ஒரு பொய்யின் மேல் உட்கார்ந்திருக்கிறேன் என்பதே மறந்துபோனது.

பதநீர் மேல் வெறுப்பு வந்துவிட்டது என்று சொல்லி அதையும் தள்ளிவிட்டாள். தனியாகப் படுப்பதற்கும் காரணம் தேட வேண்டியிருக்கவில்லை. பழம் காயும் நாட்களில் ஆண்கள் களத்தில்தான் காவல் படுப்போம். கடல் காற்று ஈரத்தோடு வரும். அதற்கு முன்னால் மிளகாயைக் குவித்துப் படுதா மூட வேண்டும்.

மூன்றாம் நாளே எரிச்சல் நின்றுவிட்டது என்று சொன்னாள். ஆனால் நாலாம் நாள் வாந்தி எடுத்தாள். ஐந்தாம் நாளும் எடுத்தாள். வாயெல்லாம் துரு தின்ற மாதிரி இருக்கிறது, சோறு இறங்கவில்லை என்றாள். எனக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் ஏழு நாளும் முடிக்கணும் என்று டாக்டரம்மா சொன்னது காதில் இருந்ததால் இரண்டிரண்டாகவே வைத்தேன்.

ஆத்தா அந்த வாந்தியை வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள். எங்கள் வீட்டில் பெண்கள் தூரமானால் மூன்று நாள் பின்கொட்டகையில் இருப்பார்கள். அதனால் மருமகளின் தேதி ஆத்தாவுக்கு விரல் நுனியில். அந்த மாதம் ஐந்து நாள் தள்ளிப்போயிருந்தது. வாந்தியையும் தேதியையும் கூட்டிப் பார்த்துவிட்டாள்.

“ஏலே, இனிமே அவ மிளகா எடுக்க வர மாட்டா. நீ ஆள் பாத்துக்க” என்றாள் என்னிடம். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. எங்கிருந்தோ மாங்காய் வாங்கிவந்து உப்பும் மிளகாயும் தூவிக் கொடுத்தாள். தன் பழைய சேலைகளைக் கிழித்து மடித்து வைக்கத் தொடங்கினாள். அடுத்த இரண்டு மூன்று நாளில் தெருவுக்கே தெரிந்துவிட்டது.

என் மனைவி என்னிடம், “அத்தைகிட்டச் சொல்லிருங்க, மாத்திரையிலதேன் வாந்தின்னு” என்றாள்.

“சொல்றேன்” என்றேன். சொல்லவில்லை. சொன்னால் என்ன மாத்திரை என்று கேட்பாள். யாருக்கு என்று கேட்பாள்.

மாத்திரை முடிந்த நாலாம் நாள் காலையில் என் மனைவி பாயைச் சுருட்டிக்கொண்டு பின்கொட்டகைக்குப் போனாள். ஆத்தா அடுப்படியிலிருந்து அதைப் பார்த்தாள். கிழித்து மடித்த சேலைகளை எடுத்து மாட்டுக் கொட்டிலுக்குக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டாள். அதற்குப் பிறகு மருமகளிடம் அவள் பேசிய பேச்செல்லாம் சுவரிடம் பேசுகிற மாதிரிதான்.

களத்து வேலை முடிந்து நான் வீட்டுக்குப் படுக்க வந்தேன். பதினைந்து இருபது நாள் போயிருக்கும். ஒரு நாள் காலையில் அவள் உடைமரக் காட்டிலிருந்து முன்போலவே வெளுத்த முகத்தோடு திரும்பினாள். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினாள். மறுபடி வந்துவிட்டது.

இந்த முறை ஆத்தாவிடமிருந்து மறைக்க முடியவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்தேவிட்டாள். ஏற்கெனவே டாக்டரிடம் போய் மாத்திரை தின்றதையும் சொல்லும்படி ஆகிவிட்டது. ஆத்தா கையிலிருந்த உலக்கையைச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

“அப்ப அந்த வாந்தி மாத்திரை வாந்தி. என்னையத் தெருவுல கோமாளியாக்கிட்டீக” என்றாள். பிறகு, “டாக்டரம்மாகிட்ட நானும் வாரேன். இவ உடம்பு தீருமா தீராதான்னு எங் காதால கேக்கணும். தீராதுன்னா அங்கனயே நயினார்கோவில் பஸ்ஸுல ஏத்திவிட்டுருவோம். அவுக அய்யா வீட்டுல இருக்கட்டும். நான் இவனுக்கு எந் தம்பி மகளைக் கேக்கப் போறேன்” என்றாள்.

சும்மா மிரட்டல் என்று நினைத்தேன். புறப்படும் நாளில் என் மனைவி நாலு சேலையையும் சீப்பையும் ஒரு துணியில் மூட்டை கட்டி எடுத்துக்கொண்டு வந்தாள். யாரும் கட்டச் சொல்லவில்லை, அவளே கட்டினாள். பஸ்ஸில் மடியில் அந்த மூட்டையை வைத்துக்கொண்டு, முன்போலவே ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நான் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் கழுத்தில் வேர்வை வழிந்தது, துடைக்கவில்லை. நான் ஒரு வார்த்தை சொன்னால் அந்த மூட்டை அவிழ்ந்துவிடும் என்று எனக்குத் தெரியும். ராமநாதபுரம் வரைக்கும் அந்த வார்த்தையை வாய்க்குள் உருட்டிக்கொண்டே வந்தேன்.

டாக்டரம்மா இந்தத் தடவை எங்கள் மூன்று பேரையும் ஒன்றாக உட்கார வைத்தார். பரிசோதித்துப் பார்த்துவிட்டு வந்து கையைத் துடைத்துக்கொண்டே, “அதே கிருமிதான் திரும்ப வந்திருக்கு. மாத்திரை முழுசும் சாப்பிட்டியாம்மா?” என்றார்.

“சாப்பிட்டேங்க” என்றாள் என் மனைவி. “வேளைக்கு ரெண்டு ரெண்டா.”

“ரெண்டு ரெண்டாவா? யார் சொன்னது?”

அவள் மூட்டையின் முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைத் திரும்பிப் பார்ப்பாள் என்று காத்திருந்தேன். பார்க்கவில்லை.

“எனக்குத்தேன் வெளங்காமப் போச்சுங்க” என்றாள்.

“பாத்தீகளா?” என்று ஆத்தா குரலை உயர்த்தினாள். “சொன்னதைக் கேட்டுக்கக்கூடத் தெரியாது. இவ உடம்பு தீராதுங்க. நீங்களே சொல்லீருங்க.”

“நான்தேன்” என்றேன்.

என் குரல் எனக்கே கேட்கவில்லை. “என்ன?” என்றார் டாக்டரம்மா.

“நான்தேன் ரெண்டு ரெண்டா குடுத்தேன். எம் பங்கையும் அவளுக்கே வச்சுட்டேன்.”

“உங்க பங்கா? பலகாரமாய்யா அது, பங்கு பிரிச்சு விட்டுக்கொடுக்க? மத்தவங்க மாத்திரை போட மறந்துட்டேன்னுதான் சொல்லுவாங்க. பொண்டாட்டிக்கு ஊட்டிவிட்டேன்னு சொல்ற ஆளை இப்பத்தான் பார்க்கிறேன்.”

நர்சம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிரிக்கிறார் என்று தெரிந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“நான் எங்கயும் போனவன் இல்லைங்க” என்றேன்.

டாக்டரம்மா அப்போதுதான் என்னைச் சரியாகப் பார்த்தார். கையிலிருந்த துண்டை வைத்துவிட்டு உட்கார்ந்தார். குரல் இறங்கியிருந்தது.

“நான் அப்படிக் கேட்டேனா? எப்படி வந்துச்சு, யார்கிட்ட இருந்து யாருக்கு வந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது. வருஷக்கணக்கா சும்மா கிடக்கும். எனக்கு அதைத் தெரிஞ்சுக்க வேண்டாம், உங்களுக்கும் வேண்டாம். இப்ப ரெண்டு பேர்கிட்டயும் இருக்கு. ஒருத்தர் மட்டும் சாப்பிட்டா அவங்களுக்குப் போகும். அப்புறம் ஒண்ணா இருந்தா மத்தவர்கிட்ட இருந்து திரும்ப வரும். எத்தனை மாத்திரை தின்னாலும் இதேதான்.”

ஆத்தா இதையெல்லாம் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு அவள் கத்துவதற்காகக் காத்திருந்தேன்.

“ஏலே” என்றாள். “ஒரு பாத்தியில பூச்சி விழுந்தா பக்கத்துப் பாத்திக்கும் சேத்துத்தானடா சாம்பல் தூவுவோம்? ஒண்ணுக்குத் தூவிட்டு ஒண்ணை விட்டா, விட்டதுல இருந்து மறுபடி ஏறிக்கிறும்ல? இது தெரியாமலா நீ இத்தனை வருஷமா மிளகா வெள்ளாமை பாக்குற?”

“அவ்வளவுதாம்மா, நான் சொல்ல வந்தது” என்றார் டாக்டரம்மா.

“இதை மொதத் தடவையே என்னையக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கணும் நீங்க. இவன்கிட்டச் சொன்னா?” என்று ஆத்தா அவரையும் விடவில்லை.

மறுபடியும் இரண்டு உறைகள். சிவப்புக் கோடு, நீலக் கோடு. இந்தத் தடவை டாக்டரம்மா என் மனைவியிடமும் ஆத்தாவிடமும் எல்லாவற்றையும் சொன்னார். ஒரு வேளைக்கு ஒன்றுக்கு மேல் கூடாது என்று இரண்டு தடவை சொன்னார். பிள்ளையைப் பற்றி ஆத்தா கேட்டதற்கு, “முதல்ல இது தீரட்டும். அதைப் பத்தி இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது. ஆனா இந்தப் பொண்ணு உடம்பு தீராத உடம்புன்னு யாரும் சொல்லாதீங்க” என்றார்.

பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். நயினார்கோவில் போகிற பஸ் நின்றுகொண்டிருந்தது. கண்டக்டர் ஊர்ப் பெயரைச் சொல்லிக் கூவிக்கொண்டிருந்தார். என் மனைவி நின்றாள். ஆத்தா நாலடி முன்னே போய்விட்டுத் திரும்பினாள்.

“அங்கன என்ன பாத்துக்கிட்டு நிக்கிற? நம்ம பஸ்ஸு இந்தப் பக்கம்” என்றாள். பிறகு என்னைப் பார்த்து, “அந்த மூட்டையை வாங்கேன்டா. இடுப்பு வலிக்காரி சுமந்துக்கிட்டு வாரா, கையை வீசிக்கிட்டு வாரான் பாரு” என்றாள்.

கை நீட்டினேன். என் மனைவி உடனே கொடுக்கவில்லை. மூட்டையை மறு கைக்கு மாற்றினாள். பிறகு கொடுத்தாள்.

அன்று மாலை விளக்கேற்றுவதற்கு முன்னால் சாப்பிட உட்கார்ந்தேன். ஆத்தா எதிரே சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். நீல உறையைக் கையில் வைத்திருந்தாள். சாப்பிட்டு முடித்ததும் ஒரு மாத்திரையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். விழுங்கினேன்.

“வாயைத் தொற” என்றாள். திறந்து காட்டினேன். என் மனைவி அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்று சிரிக்கிற சத்தம் கேட்டது.

இரண்டாம் நாளே எனக்குத் துரு ருசி வந்துவிட்டது. ஆணியை வாயில் போட்டுச் சப்புகிற மாதிரி. தண்ணீர் குடித்தாலும் அதே ருசி, கருவாட்டிலும் அதே ருசி. குமட்டியது. நீரும் டாக்டரம்மா சொன்ன மாதிரியே தேயிலை நிறத்தில் போனது. ஒரு மாத்திரைக்கே இப்படி என்றால் இரண்டிரண்டாக ஏழு நாள் தின்றவளுக்கு எப்படி இருந்திருக்கும்? தோட்டத்தில் மத்தியானச் சோற்றுக்குப் பிறகு அதை அவளிடம் சொன்னேன். நீல உறையை அவளிடம் மறைத்தது தப்புதான் என்றும் சொன்னேன்.

அவள் பாத்திரத்தை மண் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“எனக்கு அன்னைக்கே தெரியும்” என்றாள்.

“என்ன தெரியும்?”

“அந்த நர்சம்மா என்கிட்டச் சொன்னாக. நீலக் கவரு உம் புருஷனுக்குன்னு.”

“தெரிஞ்சுமா ரெண்டையும் தின்ன?”

“வட்டிலுக்கு அடியில ரெண்டு இருந்துச்சு. தின்னேன்.”

“கேட்டிருக்கலாம்ல என்கிட்ட?”

“கேட்டா பதில் சொல்லுவீகளாக்கும்?” என்று சொல்லிவிட்டுப் பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தாள். கோபம் இல்லை குரலில். ஆனால் சிரிப்பும் இல்லை.

நோயைச் சொல்ல இரண்டு பேருமே வெட்கப்பட்டோம். நான் வெட்கப்பட்டதற்கான விலையை அவள் உடம்பு கொடுத்தது. இதை எனக்கு நானே சொல்லிக்கொள்ளவே பல வருஷம் ஆயிற்று.

ஏழு நாளும் முடித்தோம். அந்த நோய் அதற்குப் பிறகு வரவில்லை. இரண்டு வருஷம் கழித்து ஒரு மகள் பிறந்தாள். பிரசவத்துக்கு அதே டாக்டரம்மாவிடம்தான் போக வேண்டும் என்று ஆத்தா பிடிவாதம் பிடித்தாள். ஆனால் அதற்குள் அவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போயிருந்தார்.

ஆத்தா இப்போது இல்லை. மிளகாய் வெள்ளாமையும் பாதியாகக் குறைத்துவிட்டேன். வட்டில் இன்னும் இருக்கிறது, ஆனால் யாரும் அதில் சாப்பிடுவதில்லை. எல்லாரும் எவர்சில்வர் தட்டுக்கு மாறிவிட்டோம். என் மனைவியும் இப்போது என்னோடு சேர்ந்தே உட்கார்ந்து சாப்பிடுகிறாள். எப்போது அப்படி மாறியது என்று யோசித்துப் பார்த்தால், அந்த ஏழு நாளில்தான். சோறு தின்ற உடனே இரண்டு பேரும் மாத்திரை போட வேண்டும், ஒருவர் முடித்து ஒருவர் உட்கார்ந்தால் எனக்கு இரண்டு தடவை காவல் காக்க முடியாது என்று சொல்லி, ஆத்தாதான் எங்களைச் சேர்ந்து உட்கார வைத்தாள். மாத்திரை தீர்ந்த பிறகு எட்டாம் நாள் என் மனைவி பழையபடி நான் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று ஒதுங்கி நின்றாள். ஆத்தா நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “உக்காருத்தா, சோறு ஆறுது” என்றாள்.